ஐந்நூறிலிருந்து அறுநூறு வரை

காலைக் கஞ்சி முடிந்து, டாக்டர் இன்னும் வராத நேரம். பக்கத்துக் கட்டிலிலிருந்து சிவப்பிரகாசம் எட்டி மாணிக்கராஜின் ஜுரச் சீட்டை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஆறு இலக்கங்களை எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். 999983. மாணிக்கராஜ் இருமலை அடக்கிக்கொண்டு பார்த்தான். ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு.

"இதை எதாலயும் வகுக்க முடியாது மாணிக்கம். ஒண்ணால வகுக்கலாம், இதாலேயே வகுக்கலாம். வேற எதால வகுத்தாலும் மீதி நிக்கும். பிரைம் நம்பர்னு பேரு, பகா எண். ஆறு இலக்கத்துல இதான் கடைசி."

"யாரு சார் வகுத்துப் பாத்தாங்க?"

"புஸ்தகத்துல போட்டிருக்குப்பா. என் தம்பி பெங்களூர்ல பி.எஸ்ஸி. படிக்கிறான்ல, அவன் புஸ்தகம்."

"புஸ்தகத்துல போட்டவரு வகுத்துப் பாத்தாரா?"

சிவப்பிரகாசம் சிரித்தார். அவர் தங்கச் சுரங்கத்தின் சாமான் கிடங்கில் குமாஸ்தா. பூமிக்கடியில் இறங்கியவரில்லை. ஆஸ்துமாவுக்காக வந்து, இடமில்லாமல் இந்தத் தூசி வார்டில் படுக்கை கிடைத்தவர். மற்றவர்கள் எல்லாரும் பாறைத் தூசியை வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் இழுத்தவர்கள். வெறுமனே படுத்து ஒருவர் இருமலை ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிற கூட்டத்துக்கு ஏதாவது வேடிக்கை காட்டலாம் என்றுதான் அவர் அந்த எண்ணை எழுதினார். ஆனால் மாணிக்கராஜ் சிரிக்கவில்லை. அவன் துளை போடும் மிஷின்காரன். துளை போட நிற்பதற்கு முன்னால் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியாக ஒலித்தால் நிற்கலாம், பொத்தென்று ஒலித்தால் விலகிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வேலை முடிந்து மேலேறும் ஷிப்ட் ஆள் ஒருவன் 'தட்டிப் பாத்தாச்சு' என்று சொல்லிவிட்டுப் போனான். அதை நம்பி மாணிக்கராஜின் கூட்டாளி முனியப்பன் முதலில் உள்ளே நுழைந்தான். பாறை விழுந்தது. அதற்குப் பிறகு மாணிக்கராஜ் யார் என்ன சொன்னாலும், தன் கையால் அடிக்கு அடி தட்டாமல் எங்கேயும் நின்றதில்லை. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலும் அவன் கூரையைத் தட்டிப் பார்ப்பான் என்று அவன் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனில் கேலி செய்வார்கள்.

அன்று பகல் முழுக்க அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். எட்டாவது வரை படித்தவன். வகுத்தல் மறந்திருக்கவில்லை. மூன்றால் வகுத்தான், மீதி இரண்டு. ஏழால் வகுத்தான், மீதி ஐந்து. பதினொன்றில் ஆறு, பதின்மூன்றில் பத்து. சாயங்காலம் அவன் மனைவி நாகம்மா களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தபோது சீட்டில் எழுத இடம் இல்லை.

"இன்னாங்க இது? டாக்டரு திட்டப் போறாரு."

"வீட்ல காயிதம் எதுனா கீதா?"

"காயிதத்துக்கு நான் எங்க போறது? எலெக்சன் நோட்டீசு கட்டுக்கட்டா கெடக்குது. பின்னாடி பக்கம் வெள்ளையாத்தான் கீது."

"அதை எடுத்தாந்துடு."

அறுபத்தேழாம் வருஷத்துத் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெயித்தவர், தோற்றவர் இருவருடைய நோட்டீசுகளையும் நாகம்மா அடுப்பெரிக்கச் சேர்த்து வைத்திருந்தாள். மறுநாள் ஒரு கட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, "மெடிக்கல் போர்டு வர்றதுக்குள்ள ஒடம்பத் தேத்திக்கினு ஒழுங்கா நிக்கிற வழியப் பாருங்க. இது சோறு போடாது" என்றாள். அவள் சொன்னதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. மாதக் கடைசியில் டாக்டர்கள் கூடி உட்கார்ந்து, யார் திரும்பச் சுரங்கத்தில் இறங்கலாம், யாருக்கு மேலே வேலை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். வீட்டுக்கு அனுப்பினால் கம்பெனி கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். குடியாத்தத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் வாசலில் போய் நிற்க வேண்டும். மாணிக்கராஜுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் அவனுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. தன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பதை இன்னொருவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துச் சொல்லப்போகிறார். தானே பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்றாவது இந்த வார்டில் இருக்கட்டும் என்று நினைத்தான்.

"எது வரைக்கும் சார் வகுக்கணும்? அஞ்சு லட்சம் வரைக்குமா?" என்று சிவப்பிரகாசத்திடம் கேட்டான்.

"அவ்வளவு வேண்டாம். ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினா பத்து லட்சம். உன் நம்பர் அதைவிடச் சின்னது. ஆயிரத்துக்கு மேல இருக்கிற ஏதாச்சும் ஒண்ணு இதுல மீதியில்லாம போச்சுன்னா, அதுக்கு ஜோடி நம்பர் ஆயிரத்துக்குக் கீழதான் இருக்கணும். கீழ இருக்கிறதை எல்லாம் பாத்துட்டா மேல பாக்க வேண்டியதே இல்லை."

மாணிக்கராஜ் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான். "அப்போ ஏழு போவலன்னா பதினாலு, இருவத்தொண்ணு, நாப்பத்தொம்போது, இதெல்லாமும் போவாது. ஏழே நொழையாத எடத்துல அதுங்க எப்டி நொழையும்?"

"அதேதான். ஆயிரத்துக்குள்ள இருக்கிற பகா எண்களை மட்டும் பாத்தா போதும்."

சிவப்பிரகாசம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நோட்டீசுகளின் முதுகில் ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எழுதினார்கள். இரண்டின் மடங்குகளை அடித்தார்கள், மூன்றின் மடங்குகளை, ஐந்தின், ஏழின் மடங்குகளை. அடிக்க அடிக்கக் கூட்டம் குறைந்தது. கடைசியில் நூற்று அறுபத்தெட்டு எண்கள் அடிபடாமல் நின்றன. அவற்றைப் பார்த்ததும் மாணிக்கராஜுக்கு மலைப்பாக இருந்தது. ஒவ்வொரு வகுத்தலுக்கும் நடுவே மூச்சு வாங்கினான். இரண்டாம் தடவை சரிபார்க்காமல் அவன் எதையும் முடித்ததாக எண்ணவில்லை. தனியாகச் செய்தால் போர்டு நாளுக்குள் முடியாது. அதற்குப் பிறகு யார் எங்கே இருப்பார்களோ.

அப்படித்தான் வார்டு முழுக்கப் பங்கு பிரிந்தது. அவன் கேட்கவில்லை. எதிர்க் கட்டில்காரர்கள் தாங்களாகவே வந்தார்கள். ஒருவன் நூறிலிருந்து இருநூறு வரை எடுத்துக்கொண்டான். சிவப்பிரகாசம் இருநூறுகளை எடுத்தார். முதல் நூறும் கடைசி நூறும் மாணிக்கராஜுக்கு. ஜன்னலோரம் படுத்திருந்த ராஜப்பா கடைசியாக எழுந்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பாறைத்துண்டுகள் நிரப்பிய வண்டிகளைத் தண்டவாளத்தில் தள்ளி ஆயுளைக் கழித்தவர். அதிகம் பேசமாட்டார்.

"எனக்கும் ஒண்ணு குடு மாணிக்கம். எல்லாருக்கும் குடுத்துட்டு என்ன மட்டும் வுட்டுட்டா எப்டி?"

"அஞ்ஞூறுலருந்து அறுநூறு கீதுண்ணே. பதினாலு நம்பரு."

"குடு."

அதன் பிறகு வார்டின் சத்தமே மாறியது. இருமலுக்கு நடுவே, "நூத்தி மூணுல போவல", "முந்நூத்தி ஏழுல போவல" என்ற குரல்கள். நர்ஸ் பாக்கியவதி முதலில் அதட்டினாள், பிறகு பென்சில் சீவிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் ஏர் பிளாஸ்ட் வந்தது. ஆழத்தில் எங்கோ பாறை தன் பாரம் தாங்காமல் வெடிக்க, கட்டில்கள் இடம் மாறும்படி தரை உதறியது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, ஆம்புலன்ஸ் போகிறதா என்று காதைத் தீட்டிக் காத்திருந்தார்கள். எதுவும் போகவில்லை. அந்த மௌனத்தில் சிவப்பிரகாசம், "மாணிக்கம், இங்க பாரு" என்றார். இருநூற்று ஐம்பத்தொன்றால் வகுத்துக்கொண்டிருந்தார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று தடவை போய், மீதி இருநூற்று ஐம்பது நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் முழுசாகப் போயிருக்கும்.

மாணிக்கராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு கிட்டே வந்தும் போகவில்லை. கிட்டே வந்தது கணக்கில் சேராது. போனது, போகாதது இரண்டுதான். அந்த எண்ணின் மேல் அவனுக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அதுவரை அது சிவப்பிரகாசம் எழுதிய எண். இப்போது அது தன்னளவில் அங்கே இருக்கும் ஒன்று. இவர்கள் இருந்தாலும் செத்தாலும் அப்படியே இருக்கும்.

போர்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லாப் பங்குகளும் வந்து சேர்ந்தன. ராஜப்பா கடைசி. "ஒண்ணுலயும் போவல" என்றார். வார்டில் ஒரு சின்ன ஆரவாரம். சிவப்பிரகாசம் ஆளனுப்பி பன்னும் டீயும் வாங்கி வரச் செய்தார். ஜுரச் சீட்டில் அந்த எண்ணுக்குக் கீழே 'பகா எண். நாங்களே பார்த்தோம்' என்று எழுதினார். பாக்கியவதிக்குக்கூட ஒரு பன் கிடைத்தது.

மறுநாள் மாணிக்கராஜ் ராஜப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தான். சந்தேகம் எதுவும் இல்லை. இருநூற்று ஐம்பத்தொன்று மாதிரி, ஒரு மயிரிழையில் தப்பியது அவருடைய பங்கிலும் இருந்ததா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"அண்ணே, ஐநூத்தி இருவத்திமூணுல மீதி எவ்ளோ வந்துச்சு?"

ராஜப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அதன் மேல் காற்று புழுதியை எழுப்பிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐநூத்தி மூணுல?"

"எனக்கு வகுக்கத் தெரியாது மாணிக்கம்." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "கூட்டத் தெரியும். கழிக்கத் தெரியும். வகுக்கறது பள்ளிக்கூடம் போனவன் கணக்கு."

"அப்போ ஒண்ணுலயும் போவலன்னு சொன்னியேண்ணே?"

"எல்லாருக்கும் போவலன்னுதான் வந்துச்சு. என்னுது மட்டும் போயிடுமா? அப்டி நெனச்சிக்கினு சொல்லிட்டேன்."

மாணிக்கராஜின் முகம் இறுகியது. 'தட்டிப் பாத்தாச்சு' என்று சொன்ன ஆளின் குரலும் இதே மாதிரி சாதாரணமாகத்தான் இருந்தது. அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருக்கிறதே, இது மட்டும் விழுந்துவிடுமா. எழுந்து தன் கட்டிலுக்கு வந்து, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நடந்ததை சிவப்பிரகாசத்திடம் மட்டும் சொன்னான். அவர் குரலைத் தாழ்த்தினார். "விட்டுடுப்பா. பெரிய மனுஷன். நாலு பேருக்கு முன்னாடி வெட்கப்படுத்தணுமா? எப்படியும் அது பிரைம்தான், புஸ்தகத்துலயே இருக்கு."

"புஸ்தகம் சொன்னா போதும்னா மொத நாளே போதும் சார். இத்தினி பேரு இன்னாத்துக்கு மெனக்கெட்டோம்?"

"அப்போ அந்தப் பதினாலையும் நீயே போட்டுடு. நான் கூட ஒத்தாசை பண்றேன். ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

அது சுலபம். மாணிக்கராஜ் அதையும் நினைத்துப் பார்த்திருந்தான். யாருக்கும் தெரியாமல் போட்டு முடித்துவிடலாம். ஆனால் சிவப்பிரகாசம் எழுதிய 'நாங்களே' என்ற சொல்லுக்குள் ராஜப்பாவும் இருந்தார். அவர் கேட்டு வாங்கிய பங்கு அது. அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டால், அவர் இந்த வார்டில் மிச்ச நாளை எப்படிப் படுத்திருப்பார்?

மறுநாள் காலையில் நோட்டீசுக் கட்டோடு போய் ராஜப்பாவின் எதிரே நின்றான். "வராண்டாவுக்கு வாண்ணே."

"வேணா மாணிக்கம். நீயே போட்டுக்க."

"உன் பங்கு, நீதான் போடணும். கழிக்கத் தெரியும்னு சொன்னல்ல?"

"கழிச்சா? பத்து லட்சத்துலருந்து ஐநூறு ஐநூறாவா? நான் செத்துப் போயிடுவேன்."

"வண்டியில கல்லு அள்ளும்போது ஒவ்வொரு கல்லாவா எண்ணுவ? மொதல்ல ஆயிரம் தபா ஒண்ணாக் கழி. அப்புறம் நூறு நூறு தபாவா. அப்புறம் பத்து பத்து. கடைசில ஒண்ணொண்ணா. அவ்ளோதான் வகுக்கறது."

ராஜப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

வராண்டாப் படியில் தைலமரத்தின் நிழல் பத்து மணி வரை விழும். அங்கே உட்கார்ந்தார்கள். முதல் எண்ணுக்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. ராஜப்பா பென்சிலை உளி மாதிரி பிடித்து, ஒவ்வொரு இலக்கத்தையும் அழுத்தி எழுதினார். கடன் வாங்கும் இடத்தில் நின்று, உதடு அசைய இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். ஐந்நூற்று மூன்றில் பத்தொன்பது மீந்தது. அதே கணக்கை மாணிக்கராஜ் தனியாகத் தன் முறையில் போட்டிருந்தான். அவனுக்கும் பத்தொன்பது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ராஜப்பா பீடியைத் தேடி மடியைத் தடவினார். பீடி கூடாதென்பது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார். "அடுத்தது இன்னா?" என்றார்.

அடுத்தடுத்த நாட்களில் வேகம் வந்தது. ஐந்நூற்று இருபத்து மூன்றில் ஏழு மீந்தது. "இது தப்பிச்சிது" என்றார் ராஜப்பா. மாணிக்கராஜுக்குத்தான் முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்க நடந்துபோய் வந்தவன் படியில் உட்கார்ந்து நெடுநேரம் வாயால் மூச்சு வாங்கினான். பாக்கியவதி வந்து, "ரெண்டு பேரும் உள்ள போங்க" என்றாள். அவள் போனதும் ராஜப்பா தன் தோளை அவன் சாய்ந்துகொள்ளக் கொடுத்து, தாளை முழங்காலில் வைத்துக் கழித்துக்கொண்டே போனார். சரிபார்க்கும் வேலையை சிவப்பிரகாசம் உள்ளிருந்து செய்தார். வேண்டாம் என்று சொன்னவர்தான். ஆனால் தாளைக் கேட்டு வாங்கிப்போனார்.

போர்டு கூடிய அன்று காலையில் இரண்டு எண்கள் பாக்கியிருந்தன. முதலில் மாணிக்கராஜைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று டாக்டர்கள். ஒருவர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மற்றவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அவன் படத்தைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டான். அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். வயதான டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே, இரு பக்கமும், மாவைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவன் அவற்றை அவசரப்படாமல் பார்த்தான். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தான்.

கீழே இறங்கக் கூடாது. மேலேயும் இப்போது வேலை காலி இல்லை. மூன்று மாதத்தில் வீட்டை விட்டுவிட வேண்டும்.

நாகம்மா துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வராண்டாவில் நின்றிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு, முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். "செரி. எங்கண்ணன் மூஞ்சியில போயி முழிக்கிறதுக்கு முன்னாடி இங்கியே எதுனா வழி கெடைக்கிதான்னு பாப்போம். நான் கடைத்தெருவுல வேலைக்குக் கேட்டு வெச்சிக்கீறேன்" என்றாள். அவள் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறாள் என்பது அதுவரை அவனுக்குத் தெரியாது. அவளை ஒரு கணம் பார்த்தான்.

"ஜட்கா நிக்கிது. வாங்க."

"கொஞ்சம் இரு."

ராஜப்பா படியில் இருந்தார். அவரை இன்னும் கூப்பிடவில்லை. ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றை முடித்து, கடைசி எண்ணில் இருந்தார். ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. ஆயிரம் தடவையும், நூறு நூறாகவும், பத்து பத்தாகவும் கழித்தாகிவிட்டது. இப்போது ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தார். வேட்பாளர் ஒருவரின் முகம் அச்சிட்ட தேர்தல் நோட்டீசின் முதுகில், ஒன்றன்கீழ் ஒன்றாக அழுத்தமான இலக்கங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மாணிக்கராஜ் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன முடிவானது என்று ராஜப்பா கேட்கவில்லை. அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துகொண்டார் போல. கொஞ்சம் நகர்ந்து, தாளை அவனுக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார்.

உள்ளிருந்து ராஜப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வர்றாரு, வர்றாரு" என்று வாசலில் நின்ற பாக்கியவதி உள்ளே பார்த்துச் சொன்னாள். கேட்டுக்கு வெளியே ஜட்காக்காரன் குதிரையின் கழுத்துமணியை ஆட்டிச் சத்தம் கொடுத்தான். நாகம்மா அவனைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். பிறகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த எழுத்துகள் தெரியாது. இரண்டு ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற இடத்தையே அவளும் பார்த்தாள்.

ஆயிரத்து நானூற்று ஐம்பதின் கீழே ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதை எழுதிக் கோடு போட்டார் ராஜப்பா. உதடு அசைந்தது. ஒன்று, ஐந்து, எட்டு என்று வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக வந்தது. எண்ணூற்று ஐம்பத்தொன்று. பென்சிலின் முனை அதன் மேல் நின்றது.

"இன்னொரு தபா போவும்" என்று சொல்லி, அதன் கீழே மறுபடியும் ஐந்தைப் போட்டார்.